சேர்ந்தவரும் சேராதவரும்: திருவதிகை முதல் வடலூர் வரை ஆன்மிக அழைப்பின் வரலாறு

கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை இன்று பண்ருட்டி நகரத்தின் ஒரு பகுதி. அங்கிருந்து கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் நெய்வேலி வரும். அதைத் தாண்டினால் வடலூர். பேருந்தில் சிறிது நேரத்தில் கடந்துவிடக்கூடிய இந்தத் தடத்தில், தமிழர் சமய வாழ்வைத் திருப்பிவிட்ட இரண்டு நிகழ்வுகள் பன்னிரண்டு நூற்றாண்டு இடைவெளியில் நடந்தன. 7ஆம் நூற்றாண்டில் சமணத் துறவியாக இருந்த தருமசேனர் திருவதிகைக் கோயிலில் சிவனைப் பாடித் திருநாவுக்கரசர் ஆனார். 1867இல், வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து, பசித்தவர் எவராயினும் உண்ணலாம் என்றார்.

ஓர் ஆன்மிக இயக்கம் புதியவர்களை எப்படித் தன்னிடம் வரவழைக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு இடங்களும் சேர்ந்து நல்ல விடை தருகின்றன. உறவு, நோய், பசி, பாட்டு, அரசு, அச்சு என்று இன்றுவரை இயக்கங்கள் கையாளும் வழிகள் அனைத்தையும் இங்கே காணலாம். ஆள் சேர்ப்பதே தவறு என்று நான் கருதவில்லை. தான் கண்ட நன்மையைப் பிறருக்குச் சொல்லும் ஆசை மனித இயல்பு. ஆனால் ஓர் இயக்கத்தின் தரத்தை அதில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. சேராமல் போனவரையும் சேர்ந்து விலகியவரையும் அது எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். இந்த மண்ணின் வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

தமக்கையின் வழி

நாவுக்கரசரின் கதையை நமக்கு விரிவாகச் சொல்வது சேக்கிழாரின் பெரியபுராணம். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் மருள்நீக்கியார். தாய் தந்தை இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த தமக்கை, தம்பிக்காக வாழ்ந்தார். வளர்ந்த தம்பி தண்ணீர்ப் பந்தலும் அறச்சாலையும் அமைத்தார். நிலையாமையை எண்ணி எண்ணி, மெய்ந்நெறி எது என்று தேடினார். கடைசியில் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தப் பள்ளி இருந்த இடம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மன் காலத்தில் ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் உருவான ஊராகக் குறிக்கப்படும் பாடலிகையும் இதுவே என்பர். அண்டசராசரத்தின் அமைப்பை விளக்கும் நூல் அது. பெற்றோரை இழந்து, உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் அத்தகைய அறிவு மரபை நாடிப் போனதில் வியப்பில்லை. கல்வியும் ஒழுக்கமும் துணையும் அங்கே கிடைத்தன. தருமசேனர் என்ற பெயரும் மதிப்பும் கிடைத்தன.

அவரைத் திரும்ப அழைத்து வந்தது எந்த வாதமும் இல்லை. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார். தருமசேனருக்குச் சூலை நோய் கண்டது. பள்ளியின் மருத்துவமும் மந்திரமும் பலிக்கவில்லை. சமையற்காரர் வழியாகத் தமக்கைக்குச் சொல்லி அனுப்பினார். பள்ளிக்குள் தாம் வருவதற்கில்லை என்று தமக்கை மறுத்தார். இரவில் தம்பியே புறப்பட்டுத் திருவதிகை வந்தார். தமக்கை திருநீறு கொடுத்தார், கோயிலுக்குள் அழைத்துப் போனார். நோய் தீரப் பாடிய முதல் பதிகம் அங்கே பிறந்தது.

புராணத்துக்குரிய அற்புதங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு மனிதர் நெறி மாறும் முறை இதில் துல்லியமாகத் தெரிகிறது. முதலில் இழப்பு; பிறகு தேடல்; பிறகு உடலை வாட்டும் நெருக்கடி; அந்த நேரத்தில் நம்பிக்கைக்குரிய ஓர் உறவு. சமணத்துக்குப் போகும்போதும் சைவத்துக்குத் திரும்பும்போதும் இவையே செயல்பட்டன. எந்த நெறி மெய் என்ற கேள்வியைத் தனியே ஆராய வேண்டும். மனிதர் ஒரு நெறிக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் மனிதர்கள்தான்.

பாட்டும் படையும்

நாவுக்கரசர் திரும்பிய பிறகு நடந்தவற்றில் இரண்டு போக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அவர் தமிழில் பாடிக்கொண்டே ஊர் ஊராக நடந்தார்; கையில் உழவாரப் படையோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். ஊரின் பெயர், ஆறு, சோலை, வயல் எல்லாம் பாட்டுக்குள் வந்தபோது, அந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தங்கள் மண்ணே தெய்வத்தின் இருப்பிடமானது. வீட்டில் பேசும் மொழியில், கூட்டமாகப் பாடக்கூடிய இசையில் வந்த இந்த அழைப்பு, உலகைத் துறந்து வரச் சொன்ன பள்ளியின் அழைப்பைவிடக் குடும்பத்தாருக்கு எளிதாக இருந்தது. மனைவி மக்களோடு இருந்தபடியே அடியாராக முடிந்தது.

மற்றொன்று அரசு. சமணச் சார்புடைய பல்லவ மன்னன் நாவுக்கரசரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்கிறது பெரியபுராணம். பிறகு அதே மன்னன் சைவனாகி, பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரஈச்சரம் எழுப்பினான் என்றும் அதுவே சொல்கிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சிராப்பள்ளி மலைக் குடைவரையிலுள்ள அவன் கல்வெட்டு, மாற்று நெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்கு வந்ததைக் குறிப்பதாக அறிஞர் பலர் பொருள் கொள்கிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு.

இங்கே நிதானம் வேண்டும். சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின். எழுதியவர் வென்ற தரப்பைச் சேர்ந்தவர். பாடலிபுத்திரத்துத் துறவிகள் தம் தரப்பைச் சொன்ன ஏடு எதுவும் நம் கையில் இல்லை. ஆனாலும் பள்ளிகளை இடித்த செய்தியைச் சைவ நூலே பெருமையோடு பதிவு செய்திருக்கிறது. பாட்டு மனத்தைக் கேட்டது, அரசு கேட்கவில்லை. தமக்கையின் திருநீற்றை மறுக்கும் உரிமை தம்பிக்கு இருந்தது. பள்ளி இடிக்கப்பட்ட துறவிக்கு அந்த உரிமை இல்லை. இரண்டையும் ஒரே வெற்றியின் இரு பக்கங்களாகப் பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது.

ஆய்வு காட்டும் உண்மை

நாவுக்கரசர் காலத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஜான் லோஃப்லாண்டும் ராட்னி ஸ்டார்க்கும் கலிபோர்னியாவில் ஒரு சிறு குழுவைக் கூடவே இருந்து கவனித்தார்கள். கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய இயக்கத்தின் கிளை அது. 1965இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். விளம்பரமும் மேடைப் பேச்சும் ஏறக்குறைய பயன் தரவில்லை என்று கண்டார்கள். வாழ்க்கையில் ஒரு நெருக்கடி, விடையைச் சமயத்தில் தேடும் மனநிலை, உறுப்பினர் ஒருவரோடு ஏற்பட்ட நட்பு, வெளியுறவுகள் தளர்ந்துபோன நிலை ஆகியவை கூடிய இடத்தில்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். மருள்நீக்கியாரின் கதையோடு ஒப்பிட்டால், காலமும் கடலும் கடந்து ஒரே சட்டகம் பொருந்துகிறது.

அதே இயக்கத்தைப் பிரிட்டனில் ஆராய்ந்த ஐலீன் பார்க்கர் 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய குழுக்கள் இளைஞர்களை மூளைச்சலவை செய்துவிடுகின்றன என்ற அச்சம் அப்போது பரவியிருந்தது. பார்க்கர் எண்ணிப் பார்த்தார்: இயக்கத்தின் பயிலரங்குகளுக்குப் போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் சில ஆண்டுகளில் விலகிவிட்டார்கள். மனிதர்கள் எளிதில் வசியப்பட்டுவிடுவதில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அதே இயக்கத்தினர் 1970களில் கலிபோர்னியாவில் தனியாகத் திரிந்த இளைஞர்களை விருந்துக்கு அழைத்து, அன்பைப் பொழிந்து, தாங்கள் யார் என்பதை மட்டும் மறைத்த வரலாறும் உண்டு. அழைப்பில் பொய் கலந்துவிட்டால், பிறகு வரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

அடுப்பும் சபையும்

இனி வடலூர். இராமலிங்க அடிகள் பிறந்தது 1823 அக்டோபர் 5இல், மருதூரில். சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடி, 1858இல் இந்தப் பக்கம் திரும்பினார். கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23இல் வடலூரில் தருமச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 80 காணி நிலத்தை வடலூர் மக்கள் எழுதிக்கொடுத்தார்கள். 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று, எண்கோண வடிவிலான சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது.

ஓர் இயக்கத்துக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் ஏழே ஆண்டுகளில் உருவாகிவிட்டன. கூடிப் பேசச் சங்கம், பசி தீர்க்கச் சாலை, வழிபடச் சபை. நூலும் வந்தது. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். பாடல்களை அச்சுக்குத் தர அடிகள் விரும்பவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் முதலான அன்பர்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்திப் பெற்றார்கள். அச்சேறிய உடனேயே எதிர்ப்பும் வந்தது. ஆறுமுக நாவலர் அதை அருட்பா என்று ஏற்க மறுத்தார். விவகாரம் கடலூர் நீதிமன்றம் வரை போனது. அந்த அருட்பா–மருட்பாப் போர் அடுத்த தலைமுறைக்கும் நீண்டு, கதிரைவேற் பிள்ளைக்கும் மறைமலையடிகளுக்கும் இடையே வாதமாக மூண்டது. எதிர்த்தவர்களின் துண்டறிக்கைகளும் அருட்பாவை ஊரறியச் செய்தன.

வடலூரின் அமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது, சாலைக்கும் சபைக்கும் அடிகள் வைத்த வேறுபாடு. ஞானசபைக்குள் நுழைய ஒரு விதி உண்டு: உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம், மற்றவர்கள் வெளியில் நின்று வழிபடலாம். சாலைக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற நூலில் அவர் வகுத்த முறைப்படி, பசித்து வந்தவரின் சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது. புலால் உண்ணாமையைத் தம் நெறியின் உயிராகக் கருதிய ஒருவர், புலால் உண்பவருக்கும் கேள்வி கேட்காமல் சோறு போடச் சொன்னார். சபைக்கு வருகிறவர் ஒழுக்கத்தை ஏற்று வர வேண்டும். சாலைக்கு வருகிறவர் பசியோடு வந்தால் போதும். சாலையில் உண்டவர் சபையில் சேர வேண்டும் என்ற கடன் இல்லை.

இந்தப் பிரிவினையின் அருமை, அந்தக் காலத்துப் பஞ்சங்களை நினைத்தால் விளங்கும். சாலை திறந்த 10 ஆண்டுகளுக்குள் 1876–78இன் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. அப்போது திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை ஏளனம் செய்தார்கள். பிஷப் கால்டுவெல் அதை ஏற்கவில்லை: துன்பத்தில் தங்களுக்குக் கை கொடுத்தது யார் என்று மக்கள் கண்டார்கள், அதனால் வந்தார்கள் என்பது அவர் தரப்பு. அவர் சொன்னதில் உண்மை உண்டு. சாதியால் ஒதுக்கப்பட்டவர், தம்மை மனிதராக நடத்தியவரின் நெறியைத் தேர்ந்ததை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் பசியும் பதிவேடும் ஒரே மேசையில் இருந்தால், அந்த மனிதர் மனமாரச் சேர்ந்தாரா என்ற ஐயம் என்றைக்கும் நீங்காது. அந்த ஐயம் சேர்ந்தவரைத்தான் அவமானப்படுத்துகிறது. வடலூரின் ஏற்பாட்டில் அந்த அவமானத்துக்கு இடமில்லை.

கொள்வாரைத் தேடியவர்

இவ்வளவு திறந்த மனதோடு அழைத்தும் அடிகள் மனநிறைவு அடையவில்லை. 1873 அக்டோபர் 22இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்தார். சமயப் பற்றுகளை விடுங்கள் என்றார். தாம் முன்பு சைவத்தில் வைத்திருந்த பற்றையும் விட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். தம் முந்தைய பாடல்களைக் கேட்டுச் சேர்ந்தவர்களுக்கு இது கசப்பான மருந்து. கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள நினைக்கும் தலைவர் இதைச் செய்யமாட்டார். தாம் கடை விரித்தும் கொள்வார் இல்லையே என்று அவர் வருந்தியதை அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1874 சனவரி 30இல் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார்.

அவர் மறைந்த பிறகு அவர் பெயரே ஓர் ஈர்ப்பு சக்தியானது. 1882இல் வேலாயுத முதலியார், அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர், பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் அளித்தார். உலக சகோதரத்துவத்துக்கு நீங்கள் தகுதியானவர்கள் அல்லர், ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து அதைப் போதிப்பார்கள் என்று அடிகள் முன்பே சொன்னதாக அதில் கூறினார். அந்தச் சபையை நிறுவிய, ருஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கியும் அமெரிக்கரான ஆல்காட்டும் அந்த ஆண்டின் இறுதியில்தான் அடையாற்றில் குடியேறினார்கள். வாக்குமூலம் அவர்களுடைய ‘தியாசபிஸ்ட்’ இதழில் வெளிவந்தது. மாணாக்கரின் நினைவை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக ஊருக்கு வந்த இயக்கம் உள்ளூர் மகானின் வாக்கைத் தனக்கு முகவரியாக்கிக்கொள்வது எங்கும் நடப்பது. இன்றும் எத்தனையோ அமைப்புகள் தம் குருவை வள்ளலாரின் மறுபிறப்பு என்றோ, அவர் வழியில் வந்தவர் என்றோ அறிவிக்கின்றன.

வடலூரின் பெயரை இப்போது அரசும் நாடுகிறது. 2021இல் தமிழக அரசு அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு ஞானசபைப் பெருவெளியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தைப்பூசத்துக்கு வரும் பெருங்கூட்டம் நின்று சோதி காண விடப்பட்ட வெளியில் கட்டடம் வேண்டாம் என்று, முன்னோர் நிலம் கொடுத்த வடலூர்ப் பார்வதிபுரத்து மக்களும் சன்மார்க்க அன்பர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. உலகை அழைக்கக் கட்டடம் வேண்டும் என்பவர்களுக்கும், அந்த வெளியே அழைப்பு என்பவர்களுக்கும் இடையிலான கருத்து வேறுபாடு அது. நான் இரண்டாம் தரப்பின் பக்கம். எல்லாரும் நிற்க இடம் விடுவதைவிடப் பெரிய அழைப்பு இல்லை.

குடியிருப்பில் ஓர் அழைப்பு

இதே தடத்தின் நடுவே, நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவானது. சுரங்கத்துக்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன. வேலைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. நிலத்தை விட்டவருக்கும் ஊரை விட்டு வந்தவருக்கும் பழைய உறவுவட்டம் குலைந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நடக்கும் வியாழக்கிழமை பஜனை, காலை யோகா வகுப்பு, வீட்டு ஜெபக்கூட்டம் இவையெல்லாம் அத்தகைய குடியிருப்புகளில் வழிபாட்டோடு உறவையும் தருகின்றன. கணவர் ஷிப்டுக்குப் போன வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கும், ஓய்வு பெற்றுக் கையில் வேலை இல்லாத ஊழியருக்கும் ஒரு வாரக்கூட்டம் எவ்வளவு பெரிய துணை என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தமிழ்நாட்டின் தற்கால இயக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடையை நீக்கி வளர்ந்திருக்கின்றன. மேல்மருவத்தூரில் பங்காரு அடிகளார் பெண்களைக் கருவறைக்குள் சென்று வழிபட வைத்தார். மாதவிலக்கு தீட்டில்லை என்றார். சிவப்பு உடையும் இருமுடியும் ஊர் ஊராக வார வழிபாட்டு மன்றங்களும் சேர்ந்து, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டிருந்த பெண்களை வழிபாட்டின் நடுவே கொண்டுவந்தன. வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, எளிய உடற்பயிற்சியில் தொடங்கித் தவம், அகத்தாய்வு என்று படிப்படியாகப் பயிற்றினார். முழங்கால் வலிக்காக வந்தவர் தியானத்தில் அமர்ந்தார். பெண்களை விலக்கிய விதியையும் கடவுளைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்ட படித்தவர்களின் தயக்கத்தையும் இவை கண்டறிந்து போக்கின. ஓர் இயக்கம் வேகமாக வளர்கிறது என்றால், பழைய நிறுவனங்கள் எதையோ தரத் தவறியிருக்கின்றன என்று பொருள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வீட்டிலிருந்து ஒருவர் புதிய இயக்கத்துக்குப் போகத் தொடங்கியதும் குடும்பம் பதறுகிறது. அதன் கொள்கை சரியா என்று வாதாடத் தொடங்குகிறது. அந்த வாதம் பெரும்பாலும் உறவைத்தான் முறிக்கிறது. வெளியுறவு தளர்ந்தவரே முழுதாக உள்ளே போகிறார் என்பதால், திட்டித் துரத்தும் குடும்பம் தெரியாமலேயே அந்த இயக்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. திலகவதியார் தம்பியின் நெறியை ஏற்கவில்லை, பள்ளிக்குள் போகவும் இல்லை. ஆனால் தம்பி நள்ளிரவில் வந்து நின்றபோது அவருக்காக அங்கே இருந்தார்.

கொள்கையை விட்டு நடத்தையைக் கேட்பது பயன் தரும். முதலாவது, அழைக்கும்போதே தான் யார், எதற்காக அழைக்கிறது என்பதை இயக்கம் சொல்கிறதா? ஆளுமைப் பயிற்சி, மனஅழுத்த நிவாரணம் என்று பெயர் வைத்து, மூன்றாம் கூட்டத்தில்தான் குருவின் படத்தைக் காட்டுகிறது என்றால் எச்சரிக்கை வேண்டும். இரண்டாவது, அது தரும் உணவு, மருத்துவம், கல்வி, ஆறுதல் ஆகியவை சேராதவருக்கும் உண்டா? மூன்றாவது, சேர்ந்தவரின் பழைய உறவுகள் விரிகின்றனவா, ஒவ்வொன்றாக அறுகின்றனவா? வருமானத்தின் எந்தப் பங்கு எங்கே போகிறது என்று வீட்டார் கேட்டால் பதில் வருகிறதா? நான்காவது, வெளியேறியவரைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள்? போய் வாருங்கள் என்று சொல்லும் இயக்கமும், போனால் சாபம் பிடிக்கும் என்று மிரட்டும் இயக்கமும் ஒரே வேதத்தை ஓதினாலும் ஒன்றல்ல.

இந்தக் கேள்விகள் எந்தச் சமயத்துக்கும் எதிரானவை அல்ல. பழைய மடத்துக்கும் புதிய ஆசிரமத்துக்கும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தர்காவுக்கும், கடவுள் இல்லை என்று அழைக்கும் இயக்கத்துக்கும் இவை பொருந்தும். இயக்கங்களும் தம்மை இவற்றால் சோதித்துக்கொள்ளலாம். ஆண்டறிக்கையில் எத்தனை பேர் தீட்சை பெற்றார்கள் என்ற கணக்கை வெளியிடுகிறவர்கள், எதிலும் சேராமல் தங்களால் பயன் பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் வெளியிடட்டும்.

1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு 150 ஆண்டுகளுக்கு மேலாக எரிகிறது. அங்கே உண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்ததில்லை. சிலருக்கு அதன் கொள்கைகளே தெரியாது. ஆள் சேர்ப்புக் கணக்கில் இது தோல்வியாகத் தெரியலாம். அந்தக் கணக்கைத்தான் நாம் மாற்ற வேண்டும். உண்டு கைகழுவிவிட்டு, பெயர் கூடச் சொல்லாமல் பேருந்து ஏறிப் போகிறவரைத் தன் வெற்றியாக எண்ணத் துணியும் இயக்கத்திடம் நம் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்.